பிளேடு இல்லாத ஆப்பிள்: ஒரு வீட்டுப் பண்டம் வாசலைத் தாண்டாமற்போன வரலாறு

பாகு பூசிய ஆப்பிளை வீட்டில் செய்வதற்கு அதிகம் ஒன்றும் வேண்டியதில்லை. புளிப்பும் இறுக்கமும் உள்ள சிறிய ஆப்பிள்கள் ஆறு அல்லது எட்டு, இரண்டு கோப்பை சர்க்கரை, முக்கால் கோப்பை நீர், சர்க்கரை மீண்டும் படிகமாகிவிடாமல் தடுக்க அரைக் கோப்பை சோளப் பாகு, சிவப்புச் சாயம், குச்சிகள் ஆகியவை போதும். கடையில் வாங்கிய பழமாயின் அதன் தோலில் மெழுகு பூசியிருப்பர். வெந்நீரில் முக்கித் துடைத்து அதனை நீக்காவிட்டால் பாகு ஒட்டாமல் வழிந்துவிடும். பாகு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்க வேண்டும். வெப்பமானி இல்லையெனினும் கவலையில்லை. கோவில்பட்டிப் பக்கம் கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சுவோர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது இறுகி உடைகிறதா, தட்டினால் ஓசை எழுகிறதா என்று பார்ப்பார்களே, அதே சோதனைதான் இங்கும். அந்தப் பதத்தில் பாகில் எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீர் மட்டுமே. அதனால்தான் அது கண்ணாடிபோல் இறுகிப் பளபளக்கிறது. காற்றின் ஈரத்தை அது விரைவில் உறிஞ்சிக்கொள்வதால் மறுநாளே பிசுபிசுத்துவிடும். ஆகவே, செய்த அன்றே உண்ண வேண்டிய பண்டம் இது.

இக்கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

உணவு வரலாற்றில் 'முதலில் செய்தவர் யார்' என்னும் கேள்வி பெரும்பாலும் பயனற்றது. இந்த ஆப்பிளுக்கும் ஒரு தந்தையைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் மிட்டாய்க் கடை வைத்திருந்த வில்லியம் கோல்ப் 1908ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனைக்கெனச் சிவப்பு இலவங்கப்பட்டை மிட்டாய் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சில ஆப்பிள்களை அதில் முக்கிக் கடையின் முகப்பில் வைத்தார் என்பதும், அவை ஐந்து சென்ட் வீதம் விற்றுத் தீர்ந்தன என்பதும் அக்கதை. இதற்கு ஆதாரமாகச் சுட்டப்படுவதோ 1948ஆம் ஆண்டின் உள்ளூர் நாளிதழ்ச் செய்தி. நிகழ்வுக்கும் பதிவுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். இன்னொரு சான்று இதைவிட எனக்குச் சுவையாகப் படுகிறது. முதல் உலகப் போரில் பிரித்தானியப் படை பயன்படுத்திய இரண்டு அங்குல மார்ட்டரின் குண்டு, உருண்டைத் தலையும் நீண்ட தண்டும் கொண்டது. போர்வீரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'டாஃபி ஆப்பிள்'. பதுங்குகுழியில் இருந்தவன் ஒரு கொலைக்கருவிக்கு இப்பெயரைச் சூட்டினான் எனில், அப்பண்டத்தை அவன் சிறுவயதிலேயே கண்டும் தின்றும் இருக்க வேண்டும். எழுத்தில் பதிவாகாத அன்றாட வாழ்வைப் பட்டப்பெயர்கள் இப்படித்தான் காட்டிக்கொடுக்கின்றன.

எவர் தொடங்கியிருப்பினும், ஆப்பிள் அறுவடை இலையுதிர்காலத்தில் நிகழ்வதால் அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் திருநாளோடு இப்பண்டம் இணைந்தது. குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று தின்பண்டம் கேட்கும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' வழக்கம் அமெரிக்காவில் 1930களில் பரவத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீட்டால் தளர்ந்தது. 1947இல் பங்கீடு நீங்கியபின் வேரூன்றியது. 1950களில் அக்குழந்தைகளின் பைகளில் விழுந்தவை இன்று நாம் எண்ணுவதுபோல் தொழிற்சாலை மிட்டாய்கள் மட்டுமல்ல. பாகு ஆப்பிள், சோளப்பொரி உருண்டை, வீட்டில் சுட்ட பிஸ்கட், கடலை, சில்லறைக் காசு என எல்லாம் கலந்திருந்தன. கிராஃப்ட் நிறுவனம் தனது கேரமல் மிட்டாய்களை உருக்கி ஆப்பிளில் பூசும் முறையைப் பரப்பியதும் அக்காலத்தில்தான். அதாவது நிறுவனமே வீட்டு அடுப்படியை நம்பித் தன் சரக்கை விற்ற காலம் அது.

அந்த அடுப்படியின் மேல் ஐயம் விழுந்தது எப்போது?

1960களின் இறுதியில் ஒரு செய்தி பரவத் தொடங்கியது. யாரோ ஒரு கொடியவர் ஆப்பிளுக்குள் சவர பிளேடைச் செருகிக் குழந்தைகளுக்குத் தருகிறார் என்பதே அது. ஊர் மாறும், வீடு மாறும். ஆப்பிளும் பிளேடும் மாறுவதில்லை. 1970ஆம் ஆண்டு ஹாலோவீனுக்குச் சில நாள் முன்பு நியூயார்க் டைம்ஸ் நாளிதழே பெற்றோரை எச்சரித்து எழுதியது. கலிஃபோர்னியா 1971இலும் நியூ ஜெர்சி 1982இலும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. மருத்துவமனைகள் குழந்தைகளின் மிட்டாய்ப் பைகளை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துத் தரும் வினோதமும் நிகழ்ந்தது. ஆப்பிள் இதில் தற்செயலாகச் சிக்கியதாகத் தெரியவில்லை. 1937இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தில் கிழவி வேடமிட்ட அரசி நீட்டும் நச்சு ஆப்பிளை ஒரு தலைமுறையே திரையில் கண்டிருந்தது. அன்பான முகமும் பளபளக்கும் பழமும் உள்ளே மரணமும் சேர்ந்த அச்சித்திரம் ஆயத்தமாகவே இருந்தது.

ஜோயல் பெஸ்ட், ஜெரால்ட் ஹொரியுச்சி என்னும் இரு சமூகவியலாளர்கள் 1985இல் 'சோஷியல் ப்ராப்ளம்ஸ்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இப்பொருளில் இன்றும் தவிர்க்கவியலாதது. அவர்களது முறை எளிமையானது. 1958 முதல் 1980களின் தொடக்கம் வரையிலான பெரிய நாளிதழ்களைப் புரட்டி, பண்டத்தில் கலப்படம் செய்து குழந்தைகளைத் துன்புறுத்தியதாகப் பதிவான நிகழ்வுகளைத் தொகுத்தனர். மொத்தம் 76 கிடைத்தன. கால் நூற்றாண்டு, கோடிக்கணக்கான குழந்தைகள், 76 செய்திகள்! அவற்றுள்ளும் பெரும்பாலானவற்றில் காயமே இல்லை. பல குழந்தைகளே செய்த விளையாட்டுப் புரளிகள். இறப்புகள் எனச் சொல்லப்பட்டவை இரண்டு மட்டுமே. அவ்விரண்டையும் ஊன்றிப் பார்ப்பது நல்லது.

முதலாவது 1970இல் டெட்ராய்ட்டில் நிகழ்ந்தது. ஐந்து வயதுச் சிறுவன் ஹெராயின் உட்கொண்டு இறந்தான். ஹாலோவீன் மிட்டாயில் போதைப்பொருள் என்று செய்தி பரவியது. அவன் உட்கொண்டது தன் மாமன் ஒளித்துவைத்திருந்த ஹெராயினை என்பதும், குற்றத்தை மறைக்கக் குடும்பத்தாரே அவனுடைய மிட்டாயில் அதைத் தூவினர் என்பதும் பின்னர் வெளிவந்தன. இரண்டாவது 1974இல் டெக்சஸ் மாநிலத்தில். எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய்த்தூளை உண்டு இறந்தான். அதைக் கொடுத்தவர் அவனது தந்தை ரொனால்ட் கிளார்க் ஓ'பிரையன். நோக்கம் காப்பீட்டுத் தொகை. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அச்சத்தை ஆராயும் மாணவர்கள் இவ்வழக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஓ'பிரையன் அந்த நாளைத் தேர்ந்ததன் காரணம், ஊரார் முன்னரே நம்பிக்கொண்டிருந்த கதை. பெயரறியாத கொடியவன் ஒருவன் உண்டு என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டபின், தந்தையை எவர் ஐயுறுவர்? டெட்ராய்ட் குடும்பமும் அதே கதைக்குப் பின்னால்தான் ஒளிந்தது. இரு நிகழ்விலும் வதந்தி கொலையாளியைப் பிடிக்க உதவவில்லை, மறைவிடமாகப் பயன்பட்டது.

இன்னொன்றும் உண்டு. ஓ'பிரையன் பயன்படுத்தியது வீட்டுப் பண்டம் அன்று. பிக்ஸி ஸ்டிக்ஸ் என்னும் தொழிற்சாலை மிட்டாய்க் குழல் அது. மேல்முனையைத் திறந்து நஞ்சை இட்டு மீண்டும் மூடியிருந்தார். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் ஏழு பேரைக் கொன்ற சயனைடு, கடையில் விற்ற டைலனால் மாத்திரைகளில் இருந்தது. 2000ஆம் ஆண்டு மின்னியாபொலிசில் ஒருவர் ஊசி செருகியதும் உறையிட்ட சாக்லேட்டில்தான். ஆயினும், ஒவ்வோர் அதிர்ச்சிக்குப் பின்னும் பெற்றோருக்குக் கூறப்பட்ட அறிவுரை ஒன்றே: உறையிடப்படாததையும் வீட்டில் செய்ததையும் எறிந்துவிடுங்கள். குற்றம் எங்கு நிகழ்ந்தது, தண்டனை யார்மேல் விழுந்தது என்பவற்றுக்கு இடையேயான இந்த இடைவெளியே என்னை இவ்வாய்வுக்குள் இழுத்தது. மிட்டாய் நிறுவனங்கள் இவ்வச்சத்தைத் திட்டமிட்டு உருவாக்கின என்று சொல்வோர் உளர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், அதற்குச் சான்றில்லை. ஆனால், சிறு உறைகளில் அடைத்த மிட்டாய்க்கு இதைவிட நல்ல விளம்பரம் எதுவும் அமைந்திருக்க முடியாது.

பெஸ்ட்டும் ஹொரியுச்சியும் தரும் விளக்கம் வேறு. குழந்தைகளுக்கு நேரும் ஆபத்து, பெருகும் குற்றம், அயலார்மேல் குறையும் நம்பிக்கை ஆகிய மூன்று கவலைகளும் அக்காலத்தில் ஒன்றுசேர்ந்து ஓர் உருவம் தேடின. பிளேடு வைத்த ஆப்பிள் அவ்வுருவத்தைத் தந்தது என்கின்றனர். இவ்விளக்கம் பொதுவாகச் சரியே. எனினும், ஒன்றை விட்டுவிடுகிறது. ஆண்டில் 364 நாள் அஞ்சிக்கொண்டே வாழ முடியாது. ஒரே நாளில், ஒரே பண்டத்தில் அச்சத்தைக் குவித்துவிட்டால் அதனைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கலாம். இவ்வதந்தி அச்சத்தை வளர்த்ததோடு நில்லாமல், அதற்கு ஒரு வடிகாலும் தந்தது என்பது என் கருத்து.

அப்படியானால் பாகு ஆப்பிள் எவரையும் கொன்றதில்லையா? கொன்றிருக்கிறது. 2014ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் பன்னிரண்டு மாநிலங்களில் 35 பேர் லிஸ்டீரியா நோய்க்கிருமியால் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் ஏழு பேர் இறந்தனர். காரணம், தொழிற்சாலையில் செய்து உறையிட்டுக் கடைகளில் விற்கப்பட்ட கேரமல் ஆப்பிள்கள். ஆய்வாளர்கள் முதலில் திகைத்தனர். கேரமலில் நீர் மிகக் குறைவு. ஆப்பிளின் அமிலமோ கிருமிக்கு ஒவ்வாதது. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் லிஸ்டீரியா பெருக வழியில்லை. விடை குச்சியில் இருந்தது. குச்சியைச் செருகும்போது கசியும் சாறு தோலுக்கும் கேரமலுக்கும் இடையில் தேங்குகிறது. அந்த மெல்லிய ஈரப்படலத்தில் கிருமி வாழ்கிறது. அறை வெப்பத்தில் வைக்கப்பட்ட குச்சி செருகிய ஆப்பிள்களில் அது மூன்று நாளில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருகியதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிர்பதனத்தில் இவ்வளவு விரைவு இல்லை.

செய்த அன்றே உண்ண வேண்டிய பண்டத்தை வாரக்கணக்கில் வைத்து விற்கும் சரக்காக மாற்றியதன் விளைவு இது. வீட்டு ஆப்பிளுக்கு இவ்வாய்ப்பு குறைவு, மாலைக்குள் தீர்ந்துவிடும். (செய்ய விழைவோர் பழத்தை நன்கு கழுவுக, மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க. வரலாற்றுக் கட்டுரைக்கு நடுவில் சமையற்குறிப்பு வருவதைப் பொறுத்தருள்க.)

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு பண்டத்தின் கதை நமக்கெதற்கு என்று கருத்தரங்கு ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்டது. அன்று சரியாக விடை சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி உறவினருடன் காரில் சென்ற அறுபது வயது கடந்த சென்னைப் பெண்மணி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஊர் கூடியது. அவர் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் அசாமின் கார்பி ஆங்லாங்கில் இருவர், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர், கர்நாடகத்தின் பீதரில் ஒருவர் என இதே ஐயத்தில் உயிர்கள் போயின. அப்போது பரவிய காணொளிகளுள் ஒன்று, குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் வெட்டப்பட்ட துண்டு. படத்தின் இறுதியில் குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கும் காட்சி நீக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு வரம்பிட்டது.

இரண்டையும் ஒன்றெனச் சொல்லவில்லை. அமெரிக்க வதந்தி ஆப்பிளைக் கொன்றது. நம் வதந்தி மனிதரைக் கொன்றது. அங்கு அயலார் வாசலுக்கு நம் குழந்தை செல்கிறது. இங்கு அயலார் நம் ஊருக்குள் வருகிறார். அங்கு ஐயத்துக்குரியது பண்டம். ஆகவே பண்டத்தை எறிந்தால் போதும். இங்கு ஐயம் ஆளின்மேல் விழுகிறது. மொழி தெரியாதவர், நாடோடி, இரவலர், வழி கேட்டு நின்றவர் ஆகியோரே பெரும்பாலும் அகப்பட்டனர். அவர்தம் சாதி, வர்க்க நிலையைக் கணக்கில் கொள்ளாமல் 'தொழில்நுட்பத்தின் தீங்கு' என்று மட்டும் பேசுவது போதாது. கைப்பேசி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, பாலம் கட்டக் குழந்தைகளைப் பலி கேட்கிறார்கள் என்னும் பேச்சு காலனிய இந்தியாவின் பல பகுதிகளில் எழுந்து அடங்கியிருக்கிறது.

அப்பேச்சுகளை மாவட்ட அறிக்கைகளிலிருந்தும் பழைய இதழ்களிலிருந்தும் தொகுக்க முயன்றுவருகிறேன். தென்மாவட்டங்கள், தெலங்கானா, ஒடிசா ஆகிய பகுதிகளின் 'பிள்ளைபிடி' வதந்திகள் குறித்த அச்சுச் செய்திகளோ வாய்மொழிப் பதிவுகளோ தங்களிடம் இருப்பின், ஆண்டும் இடமும் குறித்து இப்பதிவின் கீழ் எழுதுங்கள். குறிப்பாக, அயலார் கொடுத்ததை வாங்கித் தின்னாதே என்று தங்கள் வீட்டில் எப்போது, எந்த நிகழ்வைச் சொல்லி எச்சரித்தார்கள் என்பது எனக்குப் பெரிதும் பயன்படும்.