லங்காஷயர்க் கைத்தறி நெசவாளரும் ஆலைத்தொழிலின் எழுச்சியும்

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை இயந்திரங்களின் வரலாறாகக் கூறும் வழக்கம் நமது பாடநூல்களில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. கேயின் பறக்கும் நாடா (1733), ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்பொறி (1769), குரொம்ப்ரனின் மியூல் (1779), கார்ட்ரைட்டின் விசைத்தறி (1785) எனப் பெயர்களும் ஆண்டுகளும் வரிசையாக வரும். அவ்வரிசையின் முடிவில் கைவினைஞன் மறைந்து ஆலைத்தொழிலாளி தோன்றிவிடுவான். இயந்திரம் வந்தது, கை தோற்றது என்பதே இதன் சாரம். ஆனால் இப்புரட்சியின் தொட்டிலாக விளங்கிய லங்காஷயரில் கைத்தறி நெசவாளர் அடைந்த நிலையைக் கால வரிசைப்படி நோக்கும்போது இச்சாரம் பொருந்தக் காணோம். நெசவாளரின் கூலி வீழ்ந்த காலமும் விசைத்தறி பரவிய காலமும் ஒன்றல்ல. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது என்பதே ஈண்டு நமது வினா.

முதலில், ஆலை கைத்தறியை அழிக்கவில்லை, பெருக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு நெசவாளனுக்கு வேண்டிய நூலை நூற்றுக் கொடுக்கப் பலர் உழைக்க வேண்டியிருந்தது. நூற்றல் பெண்களினதும் பிள்ளைகளினதும் வேலையாகவும், நெசவு பெரும்பாலும் குடும்பத் தலைவனின் வேலையாகவும் ஒரே கூரையின் கீழ் நடைபெற்றன. ஆர்க்ரைட் 1771இல் அயல் மாவட்டமாகிய டார்பிஷயரின் குரொம்போர்ட்டில் நிறுவிய ஆலை, இவ்விரு வேலைகளுள் ஒன்றை மாத்திரமே வீட்டினின்றும் வெளியே எடுத்தது. அங்கு 1776ஆம் ஆண்டளவில் அவர் தம் தொழிலாளருக்குக் கட்டிய மூன்று மாடி வீடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் மேல்மாடி தறி வைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் ஆலைக்குச் செல்ல, கணவன் மேல்மாடியில் இருந்து நெய்தான். பழைய வீட்டுத் தொழிலும் புதிய ஆலைத்தொழிலும் ஒரே குடும்பத்தினுள் படிக்கட்டினால் இணைந்திருந்த இவ்வமைப்பைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடைப்பதரிது.

நூல் மலிந்ததும் நெசவுக்குக் கைகள் போதவில்லை. களஞ்சியங்களும் வண்டிக் கொட்டில்களும் தறிக்கூடங்களாக மாறின. நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளை நெசவாளர் தம் பொற்காலமாகப் பின்னர் நினைவுகூர்ந்தனர். ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் ஆலைக்கு முற்பட்ட நெசவாளனின் அமைதியான வாழ்வை வருணித்தபோது இந்நினைவின் சாயலும் அதிற் படிந்திருக்கக்கூடும். உண்மையில் அப்பொற்காலம் ஆலைக்கு முற்பட்டதன்று. ஆலை நூலே அதனைத் தந்தது. வணிகர் கொடுத்த நூலை நெய்து, துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி பெற்ற நெசவாளன், தறி தன்னுடையதாயினும் ஏற்கனவே கூலியாளனாகவே இருந்தான்.

இனிக் கூலியைப் பார்ப்போம். நூற்றாண்டின் தொடக்கத்தில் போல்ற்றன் நெசவாளர் வாரத்திற்குச் சுமார் 25 சிலிங் பெற்றனர். 1817 அளவில் அது ஏறத்தாழ 9 சிலிங்காகவும், 1830 அளவில் ஆறு சிலிங்குக்கும் குறைவாகவும் வீழ்ந்தது. இதே காலத்தில் விசைத்தறிகளின் தொகை என்ன? பிரித்தானியா முழுவதிலும் 1813இல் சுமார் 2,400. 1820இல் சுமார் 14,000. 1829இல் சுமார் 55,000. 1833இல் ஏறத்தாழ ஒரு லட்சம். கைத்தறி நெசவாளரோ 1820களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோராயிருந்தனர். ஆகவே கூலியின் பெரும்பகுதி கரைந்துபோனது விசைத்தறி மிகச் சிலவாக இருந்த காலத்திலேயே. போருக்குப்பின் உணவு விலையும் குறைந்ததென்பது மெய்யே. எனினும் நெசவாளனின் இழப்பை அது ஈடுசெய்யவில்லை.

சாதாரண பருத்தித் துணி நெய்வதைச் சில வாரங்களிற் கற்றுக்கொள்ளலாம். தொழிலுட் புகுவோரைத் தடுக்க யாதொரு வேலியும் இருக்கவில்லை. நிலமிழந்தோரும், அயர்லாந்திலிருந்து வந்தோரும், 1815இன் பின் படையினின்றும் விடுவிக்கப்பட்டோரும் தறியை நாடினர். ஒரு வணிகர் கூலியைக் குறைத்தால் ஏனையோரும் குறைத்தனர். குறைந்த கூலியை ஈடுசெய்ய நெசவாளன் மேலும் நீண்டநேரம் நெய்தான். துணி மேலும் குவிந்தது. 1808இல் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் மசோதாவைப் பாராளுமன்றம் நிராகரித்தது. கூலி நிர்ணயம் பற்றிய பழைய எலிசபெத் காலச் சட்டவிதிகள் 1813இலும், தொழில்பயிலுநர் பற்றியவை 1814இலும் நீக்கப்பட்டன. சந்தையிற் குறுக்கிடலாகாது என்பது காரணமாகக் கூறப்பட்டது. ஆனால் தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி கேட்பதைக் குற்றமாக்கிய 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் 1824 வரை நடைமுறையிலிருந்தன. அவ்விடத்தில் அரசு குறுக்கிடத் தயங்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

மேலும், கைத்தறியின் மலிவே விசைத்தறியைத் தாமதப்படுத்தியது. கட்டடமும் பொறியும் வாங்கி முதலை முடக்கியவர் மந்த காலத்திலும் அவற்றை இயக்கியாக வேண்டும். வீட்டில் நெய்பவனுக்கோ தேவை மிகும்போது நூல் கொடுத்து, குறையும்போது நிறுத்திவிடலாம். தறிக்குரிய இடவாடகையும் அவனுடையதே. எனவே பல முதலாளிகள் இரண்டையும் அருகருகே வைத்திருந்தனர். சந்தை சரிந்தபோதெல்லாம் முதலில் நின்றது மேல்மாடித் தறியே. 1826 ஏப்ரலில், இத்தகைய ஒரு சரிவின்போது, லங்காஷயர் நெசவாளர் ஆயிரத்துக்கும் அதிகமான விசைத்தறிகளை உடைத்தனர். சட்டேர்ட்டனில் படையினர் சுட்டதில் அறுவர் மாண்டனர்.

அப்படியாயின் நெசவாளர் ஏன் ஆலைக்குள் செல்லவில்லை? விசைத்தறி ஆலைகள் பெரும்பாலும் பெண்களையும் இளம் பெண்களையுமே விரும்பின என்பது ஒரு காரணம். மற்றது நேரம் பற்றியது. வீட்டு நெசவாளன் திங்களன்று ஓய்ந்திருந்து வெள்ளியிரவு விளக்கொளியில் நெய்து முடிப்பான். இடையில் தோட்டத்தையும் பார்ப்பான். ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்று இவ்விடயத்தை நன்கு விளக்குகின்றது. ஆலையிலோ மணி அடித்ததும் வாயில் மூடப்படும். மான்செஸ்ரருக்கு அணித்தான ஓர் ஆலையில் 1823இல் நூற்போர் யன்னலைத் திறந்துவைத்ததற்கும் சீழ்க்கையடித்ததற்கும் ஒவ்வொரு சிலிங் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. காலையில் மணிக்கூட்டை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் வேலைநேரம் திருடப்பட்டதாக 1832ஆம் ஆண்டுப் பாராளுமன்றக் குழுவின்முன் தொழிலாளர் சாட்சியம் அளித்தனர். தன் பிள்ளைகளை இவ்வாயிலுக்குள் அனுப்பி அவர்களின் கூலியிற் சீவிக்கும் நிலை வந்தபோது, நெசவாளன் இழந்தது வருமானத்தை மாத்திரமன்று. குடும்பத்தில் தனக்கிருந்த அதிகாரத்தையும்தான். அவன் புலம்பலில் ஆணாதிக்கத்தின் குரலும் கலந்திருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இந்திய நெசவாளரின் அழிவைப் பற்றி நாம் நிறையவே படித்துள்ளோம். 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் நீங்கியதைத் தொடர்ந்து ஆலைத்துணி இந்தியாவிற் குவிந்தது. அதே தசாப்தங்களில் அத்துணி உற்பத்தியான மாவட்டத்திலேயே கைத்தறியாளர் பட்டினி கிடந்தனர் என்பது நம்மிற் பலரும் கவனியாதது. இரு நிலைகளும் ஒன்றென நாம் கூறவில்லை. லங்காஷயரில் தந்தை இழந்த கூலியின் ஒரு பகுதியையேனும் மகள் ஆலையிற் பெற்றாள். வங்காளத்தில் அவ்வாறான ஆலை அருகில் இருக்கவில்லை.

தொட்மோர்டன் ஆலை முதலாளியும் பாராளுமன்ற உறுப்பினருமான ஜோன் பீல்டன் 1835இல் கூலியை வரையறுக்க மீண்டும் முயன்று தோற்றார். பெண்களுக்கும் இளையோருக்கும் பத்துமணி வேலைநாளை நிலைநாட்டிய 1847ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஆலைக்குள் இருந்தோரைச் சட்டம் மெல்ல மெல்ல எட்டியது. 1833இலேயே ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நெசவாலைகளிலிருந்து விலக்கப்பட்டு, ஆலைப் பரிசோதகரும் நியமிக்கப்பட்டிருந்தனர். மேல்மாடியிலிருந்தோரை அது எட்டவேயில்லை. 1837இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு 1841இல் அறிக்கை சமர்ப்பித்தபோது, ஆட்தொகை மிகுந்துவிட்ட இத்தொழிலை விட்டு நீங்குவதே வழி என்ற கருத்தையே முன்வைத்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் எஞ்சியோர் சில பத்தாயிரவரே.

நீங்கியோரும் எஞ்சியோரும் வாளாவிருக்கவில்லை. சாசன இயக்கத்தில் நெசவாளர் பெருந்தொகையினராயிருந்தனர். ரொச்டேல் நகரில் நெசவாளர் சிலரும் வேறு தொழிலினரும் சேர்ந்து 1844 டிசம்பர் 21ஆந் திகதி ஒரு கடையைத் திறந்தனர். நம்மூர்ச் சங்கக்கடைகளின் மூதாதை எனத்தக்க அக்கடையில் அன்று விற்பனைக்கிருந்தவை மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, சில மெழுகுதிரிகள்.