ரிமூவ் வகுப்பும் தோட்டத்துப் பெற்றோரும்

யான் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று பதின்மூன்று வயதில் திடீரெனப் பேச்சடங்கிப் போனால், அதன் காரணத்தை வரலாற்றிலும் தேட வேண்டும்.

1923-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் லயங்களுக்கருகே பள்ளிகள் எழுந்தன. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார்! அதற்குமேல் பால்மரம் காத்திருந்தது.

1964 வரை இடைநிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. அது நீங்கவே, 1965 முதல் கதவு திறந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, மொழி மாறிப் படிப்பதற்காக, ஓராண்டு ரிமூவ் வகுப்பு. ஒத்த வயதினர் முன்னே போய்விட, பலர் சோர்ந்தது இந்த ஓராண்டில்தான்.

அப்படிச் சோர்ந்த பிள்ளைகளின் பெற்றோரை நாங்கள் ஒருமுறை காலை பத்து மணிக்கு அழைத்தோம். ஒருவரும் வரவில்லை. அக்கறையில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு தாய் கேட்டார்: "பால் நிறுவை முடிஞ்சு வந்தா ஆகாதா, வாத்தியாரே?" வெட்கமாகிவிட்டது. பெரட்டுக்கு விடியுமுன் போகிறவர்கள் பத்து மணிக்கு மரத்தடியில் அல்லவா நிற்பார்கள்!

அடுத்த கூட்டம் மாலையில், கோயில் திடலில். அன்றுதான் தெரிந்தது, ஒரு பையன் பஸ் ஏறியும் பள்ளிக்கு வராமல் பட்டணத்தில் இறங்கி நின்றது. அவன் தகப்பனாருக்கு மலாய் எழுத்துத் தெரியாது. ஆனாலும் இரவுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தடுமாறிய சொற்களை மறுநாள் பையனே எங்களிடம் கொண்டுவந்தான்.