இசையைக் கேட்டோம், இசைத்தவரைக் கேட்டோமா?

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள், பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். மேற்கு மலைத்தொடரின் அடிவாரச் சிற்றூர் ஒன்றில் அரும்பிய இசை கடல் கடந்து ஒலித்தது கண்டு நம் கம்பம் பள்ளத்தாக்கு பெருமிதம் கொண்டது. தகுதியான பெருமிதமே. ஆயினும், அதே இலண்டனுக்குக் கடல் கடந்து சென்று, புதிய இசை படைத்து, பின்னர் நோயிலும் வறுமையிலும் நலிந்து மறைந்த கலைஞர்களும் உளர். புகழோடு திரும்பியவரை வாழ்த்தும் நாம், திரும்பாமலே மறைந்தவரையும் எண்ணிப் பார்ப்பது நன்று. அத்தகையோருள் ஒருவர் ஜோ ஹாரியட். அவர் தமிழர் அல்லர். எனினும் அவரது வரலாற்றில் நம் நாட்டு இசைக்கும், ஒரு தமிழ்த் தாயின் மகனுக்கும், கத்தோலிக்கத் துறவியர் நடத்திய இல்லம் ஒன்றுக்கும் பங்கு உண்டு.

ஹாரியட் 1928-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள், ஜமைக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் பிறந்தார். ஆதரவற்ற சிறுவராக ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் வளர்ந்தார். ஜெஸ்ஸி ரிப்பல் என்னும் பெண்மணி 1880-இல் தொடங்கிய அவ்வில்லம், பின்னர் 'இரக்கத்தின் சகோதரிகள்' என்னும் துறவற சபையின் பொறுப்பில் வளர்ந்தது. தையல், காலணி செய்தல், அச்சுத்தொழில் ஆகியவற்றோடு இசையும் அங்கே ஒரு கைத்தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை எங்கே சென்றாலும் பிழைத்துக்கொள்வான் என்பது அச்சகோதரிகளின் நம்பிக்கை. 1939-இல் அங்கு வந்து சேர்ந்து, 2003-இல் இறைவனடி சேர்ந்த அருள்சகோதரி மேரி இக்னேஷியஸ் அப்பிள்ளைகளின் இசைக்குத் தாயாகவே விளங்கினார். ஹாரியட் முதலில் கிளாரினெட் கற்றதும் இவ்வில்லத்தில்தான். பின்னர் ஆல்டோ சாக்சபோன் அவருக்குரிய கருவியாயிற்று. கத்ரி கோபால்நாத் வாசிக்க நாம் கேட்டு மகிழ்ந்த அதே கருவி.

1951-இல், தம் 23-ஆம் வயதில், ஓர் இசைக்குழுவோடு அவர் இங்கிலாந்து சென்றார், அங்கேயே தங்கினார். ஜாஸ் இசையின் உயிர்நாடி, எழுதி வைத்ததை வாசிப்பதன்று. அந்தந்தக் கணத்தில் கற்பனையால் விரித்து வாசிப்பது. நம் இசையில் மனோதர்மம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அக்கலையில் ஹாரியட் விரைவிலேயே முன்னணிக்கு வந்தார். 1960-இல் 'ஃபிரீ ஃபார்ம்' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தார். முன்கூட்டியே வகுத்த தாளக்கட்டும் சுரக்கட்டும் இன்றி, ஐவர் ஒருவரையொருவர் செவிமடுத்தே இசையை உருவாக்கும் முயற்சி அது. அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மனும் அக்காலத்தில் இத்தகைய வழியை நாடியதால், ஹாரியட் அவரைப் பின்பற்றுகிறார் என்றே பலர் எண்ணினர். அவரோ தம் சொந்த வழியிலேயே அங்குச் சென்றடைந்திருந்தார். அடுத்து வந்த 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்னும் இசைத்தட்டுக்கு அமெரிக்க இதழான 'டவுன் பீட்' ஐந்து விண்மீன்கள் வழங்கியது. புகழ் வந்தது, பொருள் வரவில்லை.

இவ்வேளையில்தான் நாம் முன்னர்க் குறிப்பிட்ட தமிழ்த் தாயின் மகன் வருகிறார். ஜான் மேயர் கல்கத்தாவில் ஆங்கிலோ-இந்தியத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்தவர். 1952-இல் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, அங்குள்ள பெரிய இசைக்குழுக்களில் வயலின் வாசித்தவர். மேயரின் இந்தியக் குழுவினர் ஐவரும் ஹாரியட்டின் ஜாஸ் குழுவினர் ஐவரும் இணைந்து, 1966 முதல் 1968 வரை மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டனர். சிதாரும் தபேலாவும் ஒருபுறம். சாக்சபோனும் எக்காளமும் மறுபுறம். இராகத்தின் எல்லைக்குள் நின்று ஜாஸ் கலைஞர் கற்பனையை விரித்தார். 1969-இல், பம்பாயில் பிறந்த கித்தார் கலைஞர் அமான்சியோ டி சில்வாவுடன் ஹாரியட் 'ஹம் தோனோ', அதாவது 'நாம் இருவர்', என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். 

எஞ்சிய ஆண்டுகள் அலைச்சலின் ஆண்டுகள். நிலையான குழு இல்லை. ஊர் ஊராகச் சென்று, அங்கங்கே கிடைத்த உள்ளூர்க் கலைஞர்களோடு வாசித்தார். ஏற்கெனவே காசநோயால் தாக்குண்ட உடலைப் புற்றுநோயும் பற்றியது. 1973-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள், சவுத்தாம்ப்டனில், 44 வயதில், ஏறத்தாழ வெறுங்கையராய் அவர் இறந்தார். அந்நகரின் பிட்டர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சார்லி பார்க்கருக்கு ஈடுகொடுக்க வல்லவர்கள் இங்கும் உளர் என்ற பொருளில் அவர் கூறி வந்த சொல்லே கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அவரது 'ஹம் தோனோ' முதற்பதிப்பைச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்து வாங்கும் காலமும் பின்னர் வந்தது. அத்தொகையில் ஒரு காசும் அவருக்குப் பயன்படவில்லை.

இவ்வீழ்ச்சியைத் தனிமனிதரின் விதி என்று கூறிக் கடந்துவிடலாகாது. காரணங்கள் கண்ணுக்குப் புலனாகின்றன. 1963-க்குப் பின் பீட்டில்ஸ் போன்ற இளைஞர் குழுக்களின் அலை எழுந்தது. ஜாஸ் அரங்குகள் சுருங்கின. எக்காளக் கலைஞர் ஷேக் கீன் 1965-இல் ஜெர்மனிக்குச் சென்றதும் ஹாரியட்டின் ஐவர் குழு கலைந்தது. கறுப்பினத்தவருக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பது 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்நாட்டில் குற்றமாகவே கருதப்படவில்லை. இவற்றினும் நுண்ணிய காரணம் ஒன்று உண்டு. இசையை எழுதியவருக்கு உரிமைத்தொகை தொடர்ந்து வரும். வாசித்தவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடியும். இரு குழுக்களும் இணைந்து வாசித்த படைப்புகளை எழுதியவர் மேயர். அவர் பிற்காலத்தில் பர்மிங்காம் இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். 2004-இல் சாலை விபத்தில் இறக்கும் வரை இயற்றிக்கொண்டிருந்தார். ஹாரியட்டின் படைப்போ அவரது மூச்சில் இருந்தது. மூச்சு தளர்ந்ததும் முதலும் தீர்ந்தது.

இனி நம் பள்ளத்தாக்கை நோக்குவோம். இராயப்பன்பட்டி முதல் கூடலூர் வரை, எந்தத் திருவிழாவாயினும் பேண்டு செட்டோ நாதசுவரமும் தவிலுமோ இன்றித் தேர் நகர்வதில்லை. இரவு முழுவதும் ஊதும் கலைஞருக்கு விடியலில் கூலி கொடுக்கிறோம். அத்துடன் உறவு முடிகிறது. திருவிழாக் காலம் கழிந்தால் கூலிக்கு ஏலத்தோட்டம் ஏறுவோர் அவர்களுள் உண்டு. பல் விழுந்து, மூச்சு குறுகி, கருவியைச் சுவரில் மாட்டிய பின் அவர் என்ன ஆனார் என்று திருவிழாக் குழுவினர் கேட்பதுண்டா? அடுத்த ஆண்டு வேறு குழுவுக்கு முன்பணம் போகிறது, அவ்வளவே.

ஆல்ஃபா இல்லம் தன் கடமையைச் செய்தது. ஆதரவற்ற சிறுவனுக்கு அது கலையைக் கொடுத்தது. ஆனால் வளர்த்த வீடு கடல் கடந்து பின்தொடர இயலாது. அவர் சென்றடைந்த ஊரே, அவர் இசையைக் கேட்டவர்களே, அப்பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். திருச்சபை நமக்குக் கற்பிக்கும் இரக்கச் செயல்களை எண்ணிப் பாருங்கள். பசித்தோர்க்கு உணவளித்தல், நோயுற்றோரைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் என்பன அவற்றுள் உள்ளன. கைதட்டுதல் அப்பட்டியலில் இல்லை. பாராட்டு இனியதே, ஆனால் அது இரக்கத்துக்கு மாற்றாகாது.

பெரிய திட்டங்கள் தேவையில்லை. ஒவ்வொரு பங்கிலும் திருவிழாக் கணக்கில் ஒரு சிறு தொகையை, முன்னர் நமக்காக வாசித்து இன்று நலிந்திருக்கும் கலைஞருக்கென ஒதுக்கலாம். நலிந்த கலைஞர்களுக்குத் தமிழக அரசு வழங்கும் உதவித்தொகைக்கும் நல வாரியப் பதிவுக்கும் விண்ணப்பம் எழுதத் தெரியாதோர்க்கு நம் இளையோர் உதவலாம். அவர் சாதியையோ சமயத்தையோ வினவ வேண்டியதில்லை. அவர் வாசித்தபோது தேரின் பின் நடந்த நாம் அவற்றை வினவவில்லை அன்றோ? இவ்வாண்டுத் திருவிழாவுக்குக் குழுவை அமர்த்தச் செல்வோர், சென்ற ஆண்டுகளில் ஊதியவர் எங்கிருக்கிறார் என்றும் விசாரித்து, அவர் வீட்டுக்கும் ஒருமுறை சென்று வரட்டும்.