அக்கானியா, கோலாவா? கலயத்துச் சுண்ணாம்பின் கதை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குழித்துறை தாமிரபரணி ஆறு அரபிக்கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது தேங்காய்ப்பட்டணம். எழுத்தாளர் தோப்பில் முகமது மீரான் (1944-2019) பிறந்த ஊர் என்றால் பலருக்கும் சட்டென்று புரியும். ஊர்ப் பெயரிலேயே தேங்காய் இருப்பதால், இங்கே தாகத்துக்கு இளநீரை விட்டால் வேறென்ன என்று தோன்றலாம். (இந்தப் பக்கத்தில் இளநீருக்குக் 'கருக்கு' என்று பெயர்.) ஆனால் கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, கருங்கல், கிள்ளியூர் என்று போனால் அங்கே பழைய சனங்களின் வயிற்றை நிரப்பியது பனை. பனையின் பதநீரைக் குமரிக்காரர்கள் அக்கானி என்பார்கள்.

ஆரோக்கியமான பானத்தையும் நொறுக்குத் தீனியையும் தேர்ந்தெடுங்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கடையில் இருப்பதில் இருந்துதானே தேர்ந்தெடுக்க முடியும்? அக்கானி ஏன் அந்தக் கடைக்கு வந்து சேரவே இல்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதல் காரணம் அக்கானியின் குணம். பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பான சாறு சொட்டும். காற்றில் இருக்கும் ஈஸ்ட் அதை விடாது. சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். இதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். மரமும் ஒன்று, கலயமும் ஒன்று, ஆளும் ஒன்று! சுண்ணாம்பு போட்டாலும் அதிக நேரம் தாங்காது. காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும், இல்லையென்றால் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்க வேண்டும். வணிகவியல் பாஷையில் சொன்னால், சரக்கை ஒரு நாள்கூடக் கையிருப்பில் வைக்க முடியாத வியாபாரம் இது. வைக்க முடிந்தது கருப்பட்டி மட்டும்தான். அக்கானி இறக்கியவன் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முடிந்துபோனது. மரச்சீனிக்கிழங்கை அதில் வேகவைத்தால் அன்றைய பலகாரமும் ஆயிற்று.

இரண்டாவது காரணம் ஏறுகிறவனின் பாடு. பனையேறி ஒருவர் முப்பது, நாற்பது மரம்கூட ஏறுவார், அதுவும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. காலில் தளை, இடுப்பில் அரிவாள்பெட்டி, நெஞ்செல்லாம் காய்ப்பு. வழுக்கி விழுந்தால் உயிர் போகும், அல்லது இடுப்பு போகும். இந்த வேலையைச் செய்த நாடார் மக்களைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் வரி போட்டே கசக்கியது. தலைவரி போதாதென்று மரம் ஏற வைத்திருக்கும் ஏணிக்கு 'ஏணிக்காணம்', காலில் மாட்டும் தளைக்குத் 'தளைக்காணம்'. உற்பத்திக் கருவிக்கே வரி போட்ட அரசு! நூற்றுக்கும் மேற்பட்ட இந்த மாதிரிச் சில்லறை வரிகள் 1865 வாக்கில்தான் நீக்கப்பட்டன. அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி 1859-ல் ஓரளவு வென்றதும் இதே காலத்தில்தான். படித்து வேறு வேலைக்குப் போக வழி கிடைத்ததும் அடுத்த தலைமுறை மரத்தை விட்டு இறங்கியது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பாரம்பரிய பானம் அழிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் யாரும் தங்கள் பிள்ளையைப் பனையேற அனுப்புவதில்லை.

மூன்றாவதாக வந்தது சட்டம். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், ஜே.சி.குமரப்பாவின் பொறுப்பில் பனைவெல்லத்தை ஊக்குவித்தது. கள் இறக்குகிறவனுக்கு மாற்று வேலை வேண்டுமே! 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது மதராஸ் மாகாணம் முழுக்க வந்தது. 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு இணைந்த பிறகு பின்னாளில் இந்தப் பகுதிக்கும் மதராஸ் சட்டமே வந்தது. விளைவு என்னவென்றால், கலயத்தில் தடவும் ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவே நின்றது. சுண்ணாம்பு குறைந்த கலயத்தோடு மாட்டினால் வழக்கு. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், 1974-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-ல் கள்ளுக்கடை திறந்தார்கள், 1987 ஜனவரி 1 முதல் கள்ளை மறுபடி தடை செய்தார்கள். 2003-ல் அரசே பாட்டில் மதுவைச் சில்லறையில் விற்கத் தொடங்கிய பிறகும் கள் மீதான தடை மட்டும் நீங்கவில்லை. இது ஒரு வேடிக்கைதான்.

இதே காலத்தில் எதிர்க்கடையில் என்ன நடந்தது? கோகோ கோலா 1977-ல் இந்தியாவை விட்டுப் போய் 1993-ல் திரும்பி வந்தது. மாதக்கணக்கில் கெடாது, லாரியில் ஏற்றினால் எந்தக் குக்கிராமத்துக்கும் போகும், பெட்டிக்கடைக்காரருக்குக் குளிர்பெட்டியும் கிடைக்கும். காலையில் இறக்கி மதியம் கெடுகிற அக்கானி இதோடு எப்படிப் போட்டி போடும்? 2003-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாக வெளியிட்டதும் பெரிய அதிர்ச்சி. பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் தண்ணீருக்காக நடந்த போராட்டத்தால் 2004-ல் ஆலை நின்றது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் தமிழக வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. அந்தச் சமயம் நன்றாக விற்றது போவண்டோதான். அதுவும் சர்க்கரை போட்ட சோடாதான் என்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 'இயற்கை பானம்' என்று அக்கானியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்களுக்கு இது பிடிக்காது. நூறு மில்லி அக்கானியில் ஏறத்தாழ 10 முதல் 12 கிராம் சர்க்கரை. நூறு மில்லி கோலாவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்! தாது உப்புகளும் சுண்ணாம்புச் சத்தும் அக்கானியில் கூடுதல், கோலாவில் அவை இல்லை என்பது சரி. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இரண்டுமே ஆகாது. முப்பது மரம் ஏறி இறங்கின உடம்புக்கு அந்தச் சர்க்கரை சாப்பாடு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் கூடுதல் பாரம். கருக்கின் கதை வேறு. அதில் சர்க்கரை பாதிகூட இல்லை, பொட்டாசியம் நிறைய. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதனாலேயே டாக்டரைக் கேட்டுக் குடிக்க வேண்டும்.) ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும் குளிர்பானத்துக்குப் பதிலாக மோர், எலுமிச்சைத் தண்ணீர், இளநீர் என்றுதான் சொல்கிறது. கொறிக்க வேண்டுமென்றால் குமரியில் மட்டிப்பழம் இருக்கிறது, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வாழை.

பனையை மீட்கும் முயற்சிகளும் நடக்காமல் இல்லை. 1978-ல் பனை மாநில மரமானது. அகஸ்தீஸ்வரத்துக்காரரான குமரி அனந்தன் (1933-2025) பனைக்காக ஊர் ஊராகப் பேசினார். 2018-ல் தென்னையிலிருந்து நீரா இறக்கத் தமிழக அரசு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள், ரேஷன் கடையில் கருப்பட்டி, கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றெல்லாம் அறிவிப்புகள் வந்தன. விதைத்த பனை பாளை விட பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அதற்குள் ஏற ஆள் இருப்பாரா என்பதை எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

சீசனில் குமரிப் பக்கம் போகிறவர்கள் சாலையோரம் அக்கானி கண்டால் காலையிலேயே குடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறினபின் வாங்கினால் முதலில் மோந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் வேண்டாம். வாடையே இல்லாமல் தித்திப்பு மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்றால், அது சாக்கரின் கலந்த தண்ணீராக இருக்கலாம்.