பழைய பிலிம் கேமரா: கை நழுவாமல் பிடிப்பது எப்படி?
அப்பா காலத்து கேமராவைத் தூசி தட்டி எடுக்கும் இளையோர், முதலில் அதைப் பிடிக்கப் பழக வேண்டும். 1976இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் வலக்கைக்கு மேடான பிடி கிடையாது, முன்புறம் தட்டையானது. லென்ஸோடு முக்கால் கிலோ கனக்கும். வியர்த்த கையில் எளிதில் வழுக்கும்.

எடையை இடக்கையே தாங்க வேண்டும். உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி, பொத்தானை மெதுவாக அழுத்துங்கள். 50 மி.மீ. லென்ஸில் ஷட்டர் வேகம் 1/60 நொடியைவிடக் குறைந்தால், கை நடுக்கம் படத்தில் தெரியும்.

மேலுறை உரிந்திருந்தால், பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்த பிறகே மீண்டும் ஒட்டுங்கள். தோள்வாரை மாட்டும் வளையம் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கேமரா கீழே விழுந்துவிட்டால், உதிரிபாகம் தேடி அலைய வேண்டிவரும்.