சுவாசப்பையின் பிறவிக் கோளாறுகள்

கர்ப்பத்தில் சிசு உருப்பெறும் காலத்து மூச்சுக்குழாய்க் கிளைகளின் வளர்ச்சி பிசகுவதனால் சுவாசப்பையில் தோன்றும் அமைப்புக் குறைகள் இப்பெயர் பெறும்.

வரலாறு: யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்கு அயலூராகிய மானிப்பாயில் 1848இல் வைத்திய சேவையைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சுதேச மாணாக்கர் தாய்மொழியிலேயே சரீர சாஸ்திரம் கற்க வேண்டுமென்ற திட சித்தத்தோடு, 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872) முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். சுவாசப்பையின் மடலை அறுத்தகற்றும் வித்தை அக்காலத்தில் எங்கும் வழக்கில் இல்லையெனினும், அதனைத் தமிழில் விளக்குதற்குரிய பாதையை வகுத்த மகோபகாரி அவரே.

வகைகள்: மூச்சுக்குழாயோடு தொடர்பற்று, மகாநாடியிலிருந்து தனியே இரத்தம் பெறும் ஒதுங்கிய பகுதிக்கு 1946இல் பிரைஸ் பெயரிட்டார். நீர்ப்பைகள் திரண்ட கோளாற்றை 1949இல் சின், டாங் என்போர் விவரித்தனர். அதனை 1977இல் ஸ்டொக்கர், இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரும்பைகள் உடையது, சிறுபைகள் உடையது, திண்மையாகத் தோன்றுவது என மூன்றாகப் பகுத்துப் பின்னர் ஐந்தாக விரித்தார். காற்று புகுந்து வெளிவரமாட்டாது ஊதும் மடல்வீக்கமும், மூச்சுக்குழாய்ப் பையும் ஏனையவை.

நிதானம்: கர்ப்ப கால ஸ்கேனில் இருதயம் ஒருபுறம் தள்ளப்பட்டிருப்பது முதற்குறியாகலாம். பிறந்தபின் குழந்தை மூச்சிழுக்குந்தோறும் விலாவின்கீழ் குழிவிழுவதும், ஒரே இடத்தில் சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதும் கவனிக்கத்தக்கவை. இவற்றை 'முட்டு' (இழுப்பு) என்றெண்ணிக் கைமருந்தோடு காலங்கடத்தல் ஆகாது. எக்ஸ்ரேயில் ஊதிய மடலை, சுவாசப்பைக்கு வெளியே தேங்கிய காற்றென மயங்கி மார்பிற் குழாய் செலுத்துவது பேரபாயம். சி.டி. ஸ்கேன் ஐயத்தைத் தீர்க்கும்.

சத்திரசிகிச்சை: மூச்சுத் திணறும் சிசுவுக்கு உடனேயும், நோய்க்குறியற்ற குழந்தைக்கு முதலாண்டிற்குள்ளும், கோளாறுற்ற மடலை முழுவதும் அகற்றுவதே உசிதமெனப் பலர் கருதுவர், ஏனெனில் கிருமித் தொற்றும், அரிதாகப் புற்றும் பின்னர் தோன்றக்கூடும். மடல்வீக்கத்தில் மார்பைத் திறந்தவுடனே ஊதிய மடல் காயவாயினூடே வெளியே பிதுங்கிவரும். ஒதுங்கிய பகுதியிலோ, மகாநாடியிலிருந்து வரும் நாடியை முதலிற் கட்டிப் பின்னரே வெட்டுதல் வேண்டும்; கட்டுமுன் அறுந்தால் அது உதரவிதானத்தின்கீழ் உள்வாங்கி, இரத்தப்பெருக்கை அடக்கவொண்ணாததாக்கும். எஞ்சிய சுவாசப்பை, குழந்தை வளருந்தோறும் விரிந்து வெற்றிடத்தை நிரப்புகின்றது.

இன்று சிறு துவாரங்களினூடேயும் இச்சிகிச்சை செய்யப்படுகின்றது. சண்டிலிப்பாய்ப் பகுதியினர்க்கு அண்மையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாகும்.