பெயர் தெரியாத ஜ்வரம்

1921ஆம் ஆண்டு மலபாரில் மூண்ட மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள், காடு திருத்திக் குடியேறிய இடங்களுக்குத் தாம் பிரிந்து வந்த ஊர்களின் பெயரையே இட்டு வழங்கினார்கள். தென் அந்தமானின் மேற்குக் கரையிலுள்ள வண்டூர் அவ்வாறு பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று. அறியாத நிலத்தை அறிந்த பெயரால் அழைப்பதில் ஆறுதல் உண்டு. நோய் விஷயத்திலோ அந்தச் சுபாவமே ஆபத்தாக முடிவதுண்டு.

ஜ்வரத்தோடு உடம்பெங்கும் சிவந்து தடித்த குழந்தையைக் கண்டால், அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி, வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை மருந்தை விலக்கிவைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். 1961 ஜனவரியில் டோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனைக்கு வந்த நான்கு வயதுச் சிறுவனைப் பரிசோதித்த டோமிசாக்கு கவாசாகி என்ற குழந்தை வைத்தியர், தெரிந்த பெயர் எதையும் அவன்மேல் சுமத்தாமல், நோய் இன்னதென்று தெரியவில்லை என்றே எழுதி அனுப்பினார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். மறு ஆண்டு அதே லட்சணங்களுடன் வேறொரு குழந்தை வந்தது. பீளையின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடு, செம்புற்றுப்பழம் போன்ற நாக்கு, கழுத்தில் நெறி, வீங்கிய கை கால்கள், பின்னர் நக ஓரத்திலிருந்து உரியும் தோல் என்று ஒவ்வொன்றாய்க் குறித்து, 50 குழந்தைகளின் வரலாற்றை அவர் 1967இல் வெளியிட்டார்.

கொடுமை என்னவென்றால், சிகிச்சையே இல்லாவிடினும் இரண்டு வாரத்துக்குள் ஜ்வரம் பெரும்பாலும் தானே தணிந்துவிடும், தோலும் உரிந்துவிடும், அம்மை இறங்கிற்று என்று வீடு நிம்மதியடையும் அந்த வேளையில், இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அழற்சியால் புடைத்திருக்கக்கூடும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்தக் கதி நேர்வதுண்டு. கவாசாகியே முதலில் இதைத் தானே தீரும் நோய் என்றுதான் எண்ணியிருந்தார். பின்வந்த மரணங்கள் அவ்வெண்ணத்தை மாற்றின. 1984இல் ஜப்பானியரும் 1986இல் அமெரிக்கரும் இரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை நரம்புவழி செலுத்தி அந்த அபாயத்தை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்கள்; ஆனால் காய்ச்சல் கண்ட 10 நாளுக்குள் செலுத்துவதே உத்தமம்.

லட்சணங்கள் எல்லாம் ஒரே நாளில் கூடி வருவதில்லை. காலையில் சிவந்திருந்த கண் மாலையில் வெளுத்துவிடலாம். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்ட இடது தோள் தழும்பு திடீரெனச் சிவந்து தடிப்பதை, நம் நாட்டுச் சிசுக்களிடம் முக்கியமான குறிப்பாகக் கொள்ளவேண்டும். அந்தப் 10 நாளுக்குள் மருத்துவமனை சேர, வண்டூர்த் தாய்க்குப் போர்ட் பிளேர் சாலைவழியே எட்டும் தூரந்தான். நிக்கோபாரிலிருந்து வருபவளோ கப்பல் புறப்படும் நாளையும் கடலின் நிலையையும் பார்க்க வேண்டியவள். அவள் கரையேறியதும் வைத்தியர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, காய்ச்சல் எந்தக் கிழமை தொடங்கியது என்பதே.